நீல வானம் என்று பெயர் சூடிக்கொண்ட தளபதி

1919-இல், சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் கொரிய அகதிகள் நடத்திவந்த ராணுவப் பள்ளி ஒன்றில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். மூவருமே முறைப்படி பயிற்சி பெற்ற அதிகாரிகள். வீட்டில் வைத்த பெயரை மறைத்துவிட்டு, மூவரும் புதுப் பெயர் சூடிக்கொண்டார்கள். ஒருவர் கியொங்சொன், வானத்தைத் தாங்குபவர். இன்னொருவர் டொங்சொன், கிழக்கு வானம். மூன்றாமவர் சொங்சொன், நீல வானம். 'சொன்' என்றால் வானம். தெற்கு மஞ்சூரியாவின் மூன்று வானங்கள் என்றே கொரிய வரலாறு இவர்களை நினைவில் வைத்திருக்கிறது. சொந்த நாட்டு வானத்துக்குக் கீழே நிற்க முடியாத மூன்று பேர் அதைத் தங்கள் பெயரிலாவது சுமந்துகொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த நீல வானத்தின் கதை இது. முழுப் பெயர் ஜி சொங்சொன். நெடுங்காலம் தாயின் குடும்பப் பெயரை முன்னால் போட்டு 'யி சொங்சொன்' என்று நடமாடியவர். 1888-இல் சியோலில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனை இழந்தார். தாய்தான் வளர்த்து ஆளாக்கினாள். பிற்பாடு தலைமறைவு வாழ்க்கைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது அந்தத் தாயின் குடும்பப் பெயரே கைகொடுத்தது.

அவர் ராணுவத்தில் சேர ஆசைப்பட்ட காலத்தில் கொரியாவுக்கு ராணுவம் என்ற ஒன்றே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1905-இல் ஜப்பான் கொரியாவைத் தன் கட்டுப்பாட்டில் இருக்கும் பாதுகாப்பு நாடாக்கியது. 1907 ஆகஸ்ட் 1 அன்று கொரியப் பேரரசின் படையைக் கலைத்தது. அன்று காலை பட்டாலியன் தளபதி பாக் சுங் ஹ்வான் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய சிப்பாய்கள் ஆயுதக் கிடங்கை உடைத்து, சியோலின் தெற்கு வாசல் பக்கம் ஜப்பானியர்களோடு சண்டையிட்டார்கள். தோற்றவர்களில் பலர் கிராமப்புறங்களுக்குப் போய் 'உய்ப்யோங்' எனப்படும் மக்கள் படைகளில் சேர்ந்தார்கள்.

படை போன பிறகும் அதிகாரிகளைத் தயாரிக்கும் பள்ளி மட்டும் கொஞ்ச காலம் ஓடியது. அதில்தான் ஜி படித்தார். 1909-இல் அதற்கும் பூட்டுப் போட்டார்கள். மிச்சமிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை டோக்கியோவில் இருந்த ராணுவ ஆயத்தப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். போகும்போது அவர்கள் கொரிய அரசு அனுப்பிய மாணவர்கள். மறு வருடம் ஆகஸ்டில் ஜப்பான் கொரியாவை முழுசாக இணைத்துக்கொண்டது. அனுப்பிய அரசு இல்லை, திரும்பிப் போய்ச் சேர வேண்டிய படையும் இல்லை. விடுதியில், பகைவனின் சீருடையில், இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள் நின்றார்கள்.

அந்த நாட்களில் அவர்களுக்குள் கடுமையான வாக்குவாதம் நடந்தது. உடனே ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார்கள் சிலர். மானம் போன பின் உயிர் எதற்கு, கூட்டமாக உயிரை விடுவோம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஜி வேறொரு யோசனை சொன்னதாகக் கொரிய வரலாற்று நூல்கள் எழுதுகின்றன: வந்தது படிக்க, படித்து முடிப்போம், லெப்டினன்ட் ஆகும் வரை பொறுத்து, நவீனப் போரின் சூத்திரத்தை முழுசாகக் கற்றுக்கொண்டு, பிறகு ஒன்றாக வெளியேறுவோம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுத்திருப்பது என்ற சபதம் மாதிரி எளிதில் நீர்த்துப்போவது வேறொன்றும் இல்லை. அதை மீறுவதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை. பேசாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். சம்பளம் வரும், கல்யாணம் ஆகும், குழந்தைகள் பிறக்கும், தோளில் நட்சத்திரம் ஏறும். 1914-இல் ஜப்பானிய ராணுவ அகாதமியின் 26-ஆம் அணியில் 13 கொரியர்கள் தேறி வெளியே வந்தார்கள். அடுத்த வருடம் 27-ஆம் அணியில் இன்னும் 20 பேர். இந்த 33 பேரில் பெரும்பாலானவர்கள் கடைசிவரை வெளியேறவில்லை.

ஜியும் உடனே வெளியேறிவிடவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களிடமிருந்து சிங்டாவ் துறைமுகத்தைப் பறிக்க ஜப்பான் நடத்திய போரில் அவரும் இருந்தார். 1910-க்கும் 1919-க்கும் இடையிலான ஒன்பது வருடம் பகைவனின் உப்பைத் தின்ற வருடங்கள்தான். 1919-இல் அவர் செய்த காரியம் இல்லாவிட்டால் அந்த ஒன்பது வருடத்துக்கு வேறு பெயர் வந்திருக்கும்.

1919 மார்ச் 1 அன்று சியோலில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கையில் கொடி தவிர வேறொன்றும் இல்லாமல் நாடு முழுவதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜப்பான் துப்பாக்கியால் பதில் சொன்னது. லெப்டினன்டாக இருந்த ஜி உடல்நலத்தைக் காரணம் காட்டி விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். அதே அகாதமியில் அவருக்கு மூன்று அணி மூத்தவரான குதிரைப்படை லெப்டினன்ட் கிம் குவாங் சொவும் அப்போது சியோலில் இருந்தார். இவர்தான் பின்னாளில் கிம் கியொங்சொன், வானத்தைத் தாங்குபவர். ஜூன் மாதம் இருவரும் வடக்கே போய் எல்லை ஆற்றைக் கடந்து மஞ்சூரியாவுக்குள் நுழைந்தார்கள். மனைவி, பிள்ளைகள் சியோலிலேயே. ஜப்பானியப் படையின் பயிற்சி நூல்களையும் ராணுவ வரைபடங்களையும் ஜி கையோடு எடுத்துச்சென்றார்.

அந்தப் புத்தகங்களுக்கு இருந்த மதிப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மஞ்சூரியாவில் திரண்டிருந்த போராளிகளிடம் நெஞ்சுரத்துக்குக் குறைவில்லை. வேட்டைக்காரர்கள், விவசாயிகள், படை கலைந்தபின் வந்த சிப்பாய்கள் என்று பல வகையினர். எதிரிப் படை எப்படி அணிவகுத்து நகரும், முன்னணிக் காவலை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும், இயந்திரத் துப்பாக்கியை எந்தக் கோணத்தில் வைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அடிபட்டுத்தான் தெரியவேண்டியிருந்தது. இப்போது, அதே பாடத்தை அதே அகாதமியில் படித்த ஆள் கரும்பலகை முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தது ஷின்ஹுங் ராணுவப் பள்ளி. யி ஹ்வே யொங் குடும்பத்தின் ஆறு சகோதரர்களும் சியோலில் இருந்த சொத்து முழுவதையும் விற்றுக் காசாக்கி, குடும்பத்தோடு மஞ்சூரியாவுக்குப் பெயர்ந்து, மற்ற தலைவர்களோடு சேர்ந்து 1911-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அமைச்சர்களைக் கொடுத்த பெரிய குடும்பம் அது. மார்ச் எழுச்சிக்குப் பிறகு பள்ளியில் இடம் கொள்ளாத அளவுக்கு இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். மறு வருடம் ஜப்பானியப் படையின் நெருக்கடியில் பள்ளியை மூடவேண்டி வந்தது. ஆனால் அங்கே பயின்றவர்கள் அடுத்த 25 வருடம் கொரியர் சண்டையிட்ட எல்லா இடங்களிலும் இருந்தார்கள்.

மூன்று வானங்களில் முதலில் சாய்ந்தது கிழக்கு வானம். ஷின் டொங்சொன், கலைக்கப்பட்ட பழைய கொரியப் படையின் அதிகாரி. 1924-இல் மஞ்சூரியாவில் சண்டையில் இறந்தார். கிம் கியொங்சொன் ருஷ்யாவின் கடலோரப் பகுதிக்குப் போய், வெள்ளைக் குதிரைத் தளபதி என்று பேர் வாங்கும் அளவுக்கு ஜப்பானியர்களை எதிர்த்துப் போரிட்டார். அந்த ருஷ்யாவே 1936-இல் அவரைக் கைது செய்தது. 1942-இல், ஸ்டாலின் கால உழைப்பு முகாம் ஒன்றில் உயிர் பிரிந்தது.

நீல வானம் தப்பித்ததும் மயிரிழையில்தான். 1921-இல் ருஷ்யாவின் ஸ்வொபோத்னி நகரத்தில், யாருடைய தலைமையின் கீழ் வருவது என்ற தகராறு முற்றி, அடைக்கலம் தேடி வந்த கொரியப் படைகள் மீது செம்படையின் துப்பாக்கிகளே திரும்பின. கொரியர் இன்றுவரை மனம் ஆறாத நாள் அது. அதன்பின் இர்குட்ஸ்க்கில் ராணுவப் பள்ளி நடத்தப்போன ஜி, அங்கே ருஷ்யர்களோடு முரண்பட்டுச் சிறையும் பார்த்துவிட்டு மஞ்சூரியாவுக்குத் திரும்பினார். யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்திருக்க வேண்டும். ஆனால் நாடில்லாத படைத்தலைவனுக்கு யாரையும் நம்பாமல் இருக்கவும் வழியில்லை. அரிசியும் தோட்டாவும் பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்தால்தான் உண்டு.

1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவையும் விழுங்கியது. ஜியின் தலைமையில் இருந்த கொரியச் சுதந்திரப் படை சீனப் படைகளோடு கைகோத்தது. இந்தக் கூட்டின் உச்சம் 1933 ஜூன் 30 அன்று நடந்த டேஜொன்ஜா கணவாய்ச் சண்டை. அந்த வழியாக வண்டி வண்டியாகச் சாமான்களோடு பின்வாங்கப்போகும் ஜப்பானியப் படைக்காக, கணவாயின் இரு பக்கச் சரிவுகளிலும் கூட்டுப்படை பதுங்கிக் கிடந்தது. மழைக்காலம். எதிரி வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. கொண்டுவந்த உணவு தீர்ந்தது. நனைந்த உடையோடும் காலி வயிற்றோடும் மரத்தடியில் கிடந்து காத்திருந்தார்கள். வந்த அணி முழுவதும் பள்ளத்துக்குள் இறங்கும்வரை ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் சண்டையை வென்றுகொடுத்தது. 1920-இன் பொங்கோடொங், சொங்சான்ரி வெற்றிகளோடு சேர்த்துக் கொரிய ஆயுதப் போராட்டத்தின் மூன்று பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஆனால் கைப்பற்றிய பொருளைப் பங்கிடுவதில் சீனக் கூட்டாளிகளோடு உரசல் வந்தது. சில மாதங்களுக்குள் அதே கூட்டாளிகள் கொரியர்களைப் பிடித்து ஆயுதத்தைப் பறித்தார்கள். ஜி மஞ்சூரியாவை விட்டே கிளம்பவேண்டியதாயிற்று.

சீனாவின் உட்பகுதிக்கு வந்தவரை அங்கேயும் கற்பிக்கும் வேலைதான் தேடி வந்தது. சீனாவிலிருந்து இயங்கிய நாடுகடந்த கொரிய அரசின் தலைவர்களில் ஒருவரான கிம் கூ, சீனத் தலைவர் சியாங் காய் ஷேக்கோடு பேசி லோயாங் ராணுவப் பள்ளியில் கொரியர்களுக்கு ஒரு தனி வகுப்புக்கு அனுமதி வாங்கியிருந்தார். ஒரே ஒரு அணிதான் வெளியே வந்தது. ஜப்பான் எதிர்ப்புத் தெரிவிக்க, வகுப்பு மூடப்பட்டது.

1940 செப்டம்பர் 17. சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்கிங். ஜப்பானிய விமானங்கள் ஓயாமல் குண்டு போட்டுக்கொண்டிருந்த ஊர். அங்கே ஜியாலிங் விருந்தினர் மாளிகையில் கொரிய விடுதலைப் படை தொடங்கப்பட்டது. தலைமைத் தளபதி ஜி சொங்சொன். அப்போது படையில் இருந்தவர்கள் சுமார் 30 பேர், பெரும்பாலும் அதிகாரிகள். அன்று எடுத்த படங்களில் சீருடை அணிந்த பெண்களும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஜியின் மகள் ஜி பொக் யொங், அப்போது இருபது வயது. பிறந்த நாளிலிருந்து தகப்பனைத் தேடப்படும் மனிதராக மட்டுமே அறிந்திருந்த மகள் அவள். மகன் டால் சுவும் படையில் சேர்ந்தான்.

அந்தப் படையின் நிஜமான நிலைமை வேதனையானது. பணம், உணவு, துப்பாக்கி எல்லாமே சீனாவிடமிருந்து வரவேண்டும். 1941 நவம்பரில் சீன ராணுவக் குழு ஒன்பது விதிகளை நீட்டியது: படை முழுக்க முழுக்கச் சீனக் கட்டளையின் கீழ். பணியகத்தில் சீன அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். தளபதி என்று பெயர் ஜிக்கு, கையெழுத்துப் போடும் உரிமை இன்னொருவருக்கு. 1944 ஆகஸ்ட் வரை இந்த விதிகளைச் சகித்துக்கொண்டு, விடாமல் வாதாடி அவற்றை நீக்கவைத்தார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1943 ஆகஸ்டில் விடுதலைப் படை ஒன்பது பேரை இந்தியாவுக்கு அனுப்பியது. தலைவர் ஹான் ஜி சொங். ஜப்பானிய மொழி நன்கு தெரிந்தவர்கள் பிரிட்டிஷ் படைக்குத் தேவைப்பட்டார்கள். கல்கத்தாவிலும் டெல்லியிலும் பயிற்சி முடித்து, 1944-இல் அவர்கள் இம்பால் முனைக்குப் போனார்கள். ஜப்பானியச் சிப்பாய்களைச் சரணடையச் சொல்லி ஒலிபெருக்கியில் பேசுவது, துண்டறிக்கை எழுதுவது, பிடிபட்டவர்களை விசாரிப்பது, கைப்பற்றிய ஆவணங்களை மொழிபெயர்ப்பது இவையே வேலை.

அதே இம்பாலில், ஜப்பானின் பக்கம் நின்றது சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்திருந்த ராணுவம். கொரியருக்கு ஜப்பான்தான் கழுத்தில் கால் வைத்தவன், இந்தியருக்கு பிரிட்டன். தன் நாட்டை விடுவிக்க ஒருவன் யாரோடு சேர்ந்தானோ, அவன்தான் இன்னொருவனின் நாட்டை அடிமையாக வைத்திருந்தவன். இரண்டு தரப்பிலும் நேர்மையான ஆட்கள் இருந்தார்கள். ஐ.என்.ஏ-வில் இருந்த தாத்தாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்கள், மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கி பிடித்து நின்ற அந்த ஒன்பது பேரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1945 ஜனவரி கடைசியில் சோங்கிங்குக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஜப்பானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, சீனாவில் இருந்த முகாம்களிலிருந்து தப்பி வந்த கொரிய மாணவர்கள், சுமார் 50 பேர். ஜாங் ஜுன் ஹா, கிம் ஜுன் யொப் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 6,000 ரி, அதாவது ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர், பெரும்பகுதி நடந்தே கடந்து, பனி மூடிய மலைகளைத் தாண்டி, நாடுகடந்த அரசின் கட்டடத்தில் பறந்த தம் நாட்டுக் கொடியின் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுடைய தளபதிக்கு அப்போது 57 வயது. 26 வருடத்துக்கு முன்னால் அதே படையை விட்டு, அதே மாதிரி ஓடி வந்தவர் அவர்.

அந்த மாணவர்களில் பலரை அமெரிக்க உளவுப் பிரிவான ஓ.எஸ்.எஸ், கொரியாவுக்குள் இறங்கும் வேலைக்காக சியான் நகரில் பயிற்றுவித்தது. பயிற்சி முடிந்து, புறப்பட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. செய்தி கேட்டுக் கிம் கூ மகிழவில்லை, மனம் உடைந்தார். சொந்தக் கையால் ஒரு அடி கொடுக்காமல் கிடைத்த விடுதலையில் தங்கள் குரல் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதேதான் நடந்தது. தென்பகுதியை ஆண்ட அமெரிக்க ராணுவ நிர்வாகம் நாடுகடந்த அரசை அங்கீகரிக்கவில்லை. வருபவர்கள் தனிநபர்களாக வரலாம் என்றது. ஜி சியோலுக்குத் திரும்பியது 1947-இல். 28 வருடத்துக்குப் பிறகு.

அதற்குள் புதிய ராணுவத்துக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. 1945 டிசம்பரில் அமெரிக்கர்கள் அதிகாரிகளுக்காக ஒரு ஆங்கிலப் பள்ளி திறந்தார்கள். அதிலிருந்து பதவி பெற்ற 110 பேரில் விடுதலைப் படையிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஜப்பானியப் படையிலும், மஞ்சூரியாவில் ஜப்பான் நடத்திய பொம்மை அரசான மஞ்சுகுவோவின் படையிலும் இருந்தவர்கள். 1948-இல் தென்கொரிய ராணுவத்தின் முதல் தலைமைத் தளபதியானவர் லீ உங் ஜுன். ஜப்பானிய அகாதமியின் 26-ஆம் அணி. ஜியின் வகுப்புத் தோழர். ஜப்பானியப் படையில் கர்னல் வரை போனவர். மறு வருடம் அதே நாற்காலிக்கு வந்த ஷின் டே யொங்கும் 26-ஆம் அணிதான். வெளியேறியவருக்கு அந்த ராணுவத்தில் இடமில்லை, இருந்துவிட்டவர்கள் அதன் தலைவர்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது ஆறுவதில்லை.

அதே வகுப்பில் ஹொங் சா இக் என்ற ஒருவரும் இருந்தார். ஜப்பானியப் படையில் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தார். கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி நெருக்கிய காலத்திலும் தன் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வெளியேறிப் போன ஜியின் குடும்பத்துக்கு ரகசியமாகப் பண உதவி செய்தார் என்றும் சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் போர்க்கைதி முகாம்களுக்குப் பொறுப்பாக இருந்ததற்காக 1946 செப்டம்பரில் மணிலாவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவரும் கூடவே நினைவுக்கு வருகிறார். 1910-இல் ஒரே விடுதியில் தூங்கியவர்கள்.

திரும்பி வந்த ஜி அரசியலில் இறங்கினார். 1947-இல் டேடொங் இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். தென்பகுதியில் மட்டும் நடந்த, நாட்டைப் பிரித்துவிடும் என்று கிம் கூ எதிர்த்த 1948 தேர்தலில் ஜி நின்று ஜெயித்தார். முதல் அமைச்சரவையில் துறையில்லா அமைச்சரானார். அந்த வருடங்களின் கறையையும் எழுதியாக வேண்டும். இடதுசாரிகளை ஒடுக்குவதாகச் சொல்லித் தெருவில் வன்முறை நடத்திய வலதுசாரி இளைஞர் கூட்டங்களில் அவருடைய அமைப்பும் ஒன்று. 1948-இல் ஜெஜு தீவில் கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி ஊர்மக்களைக் கொன்ற கொடுமைகளில் அதன் உள்ளூர் உறுப்பினர்களுக்கும் பங்கு இருந்தது. ஸ்வொபோத்னியிலும் இர்குட்ஸ்க்கிலும் பட்ட காயம் அவரைக் கம்யூனிஸத்தின் பரம எதிரியாக்கியது என்று காரணம் சொல்லலாம். ஆனால் ஜெஜுவில் வீடு எரிந்தவர்களுக்கு அந்தக் காரணத்தால் ஒரு பயனும் இல்லை.

1957 ஜனவரி 15 அன்று இறந்தார். 1962-இல் அரசு அவருக்கு விருது அளித்தது. சியோலில் உள்ள ராணுவ அகாதமிக்குள் அவர் நுழைய இன்னும் 56 வருடம் ஆனது. 2018 மார்ச் 1 அன்று அங்கே ஐந்து விடுதலைப் போராளிகளின் மார்பளவுச் சிலைகள் திறக்கப்பட்டன: ஹொங் பொம் டோ, கிம் ஜ்வா ஜின், லீ பொம் சொக், சொத்தை விற்றுப் பள்ளி கண்ட யி ஹ்வே யொங், ஜி சொங்சொன். சிப்பாய்கள் பயிற்சியில் சுட்டுத் தீர்த்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை, சுமார் 50,000 கூடுகளின் 300 கிலோ உலோகத்தை, உருக்கி வார்த்த சிலைகள் அவை. 2023-இல், ஹொங் பொம் டோவின் சோவியத் தொடர்பைக் காரணம் காட்டி அவற்றை இடம் மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. நாடே கொதித்தது.

விடுதலைக்குப் பிறகு அவர் ஜி என்ற தகப்பன் வழிக் குடும்பப் பெயருக்குத் திரும்பினார். இளமையில் அவருக்கு இருந்த 'டே ஹியொங்' என்ற பெயரை மட்டும் யாரும் அழைக்கவில்லை. மஞ்சூரியாவில் தானே வைத்துக்கொண்ட சொங்சொன் கடைசிவரை கூடவே இருந்தது.